நூற்றெண்பதில் வைத்த சப்பாத்து

பிரணவனின் குதிக்காலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்க்கும்படி சித்தி என்னைக் கூப்பிட்டபோது, நான் பட்டரும் சீனியும் அடித்து முடித்துக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஒருக்கா வந்திட்டுப் போ லதுஷா. விரல் எவ்வளவு இறங்குது எண்டு பார்த்தாச் சரி. அவன் தானாக் குனிஞ்சு பார்த்தால் கால் அசைஞ்சிடுமாம்.”

ஹோலில் பிரணவன் முழங்காலை மடித்து, யாரையோ இடித்து விழுத்தப் போகிறவன்போலக் குந்தி நின்றான். காலில் புதிய ஐஸ் ஹொக்கிச் சப்பாத்து. கணுக்காலுக்கு மேலேயும் பலகைபோல விறைத்து நிற்கும் கறுப்புச் சப்பாத்து. அடியில் நீளமான கத்தி. கத்தி நிலத்தைக் கீறாமல் இருக்க அதன்மேல் நீலப் பிளாஸ்ரிக் உறை. நான் கீழே இருந்து, அவனுடைய குதிக்காலுக்கும் சப்பாத்துக்கும் நடுவில் சுட்டுவிரலை விட்டேன். காலுறை ஈரமாக இருந்தது. தண்ணீரின் ஈரம் மட்டுமல்ல. இளஞ்சூடான, வழுவழுப்பான ஈரம். விரல் இரண்டாவது மூட்டு வரைக்கும் இறங்கியது.

“எவ்வளவு அக்கா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தால் அந்த மணம் வாய்க்குள் போய்விடும். விரலைத் தூக்கி, இறங்கிய அளவைப் பெருவிரலால் தொட்டுக் காட்டினேன்.

“டூ மச்,” என்றான். “குதி பின்னுக்கு ஒட்டி நிக்கவேணும். இது நிக்கேல்லை.”

சித்தி என்னைக் குறையாகப் பார்த்தாள். என் விரல் மெல்லியதாக இருந்ததுதான் பிழை என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

நான் அந்த விரலை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி குசினிக்குப் போனேன். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். முகர்ந்து பார்த்தேன். நாலாம் தரமும் கழுவினேன். விரலின் இடுக்கில் காலுறையின் வெள்ளைப் பஞ்சு ஒன்று ஒட்டியிருந்தது. அன்று மாக் கலக்கும்போது சுட்டுவிரலை மடக்கியே வைத்திருந்தேன்.

வதனா சித்தி அம்மாவின் தங்கை. ரொறன்ரோவில் இருக்கிறாள். பள்ளிக்கூட விடுமுறைக்கு மகனையும் கூட்டிக்கொண்டு, கண்டி மஹய்யாவையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வந்திருந்தாள். பிரணவனுக்குப் பதினேழு வயது. செப்டெம்பர் முதல் கிழமை அவனுடைய ஹொக்கிக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்களாம். அதற்குள் புதுச் சப்பாத்து காலுக்குப் பழகியிருக்க வேண்டுமாம். வழமையாகக் கடையிலேயே சூடாக்கி, காலை உள்ளே விட்டு, பாதத்தின் வடிவத்துக்கு அமுக்கித் தருவார்கள். இவர்கள் விமானம் ஏறுகிற அன்றுதான் சப்பாத்தையே வாங்கியிருக்கிறார்கள். ஆகவே பனிக்கட்டியில் ஓட வேண்டிய சப்பாத்து எங்கள் வீட்டுச் சிவப்புச் சீமெந்து நிலத்தில் நடந்து பழகியது.

“மார்க்கற்றிலை மீன்காரரிட்டைக் கேட்டால் ஐஸ் தருவினம். ஹோலிலை கொட்டிவிடட்டோ தம்பி?” என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

“உங்களுக்கு எல்லாம் பகிடிதான் அத்தான்,” என்றாள் சித்தி. “இந்த ரீமிலை எடுபட்டால் அவன்ரை படிப்புக்கே ஒரு வழி திறக்கும்.”

அதன் பிறகு அப்பாவும் பகிடி விடவில்லை. அந்தச் சப்பாத்துக்கு வீட்டில் எல்லோரும் வழிவிட்டார்கள்.

பழக்கும் முறை இதுதான். தடித்த காலுறையைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட வேண்டும். அதன்மேல் சப்பாத்தைப் போட்டு, கீழே தளர்வாகவும் கணுக்காலடியில் இறுக்கமாகவும் கயிறு கட்ட வேண்டும். ஈரம் காயும்வரை ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டும், குந்த வேண்டும், எழும்ப வேண்டும். டொக், டொக், டொக். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். கனடாவில் காலுறை காயும்போல. கண்டியில் ஆடி மாத மழையில் எது காய்கிறது? இரண்டு சோடிக் காலுறையும் மாறி மாறிக் கதிரை முதுகிலும் குசினி யன்னல் கம்பியிலும் தொங்கின. காயாமலே மறுபடி நனைந்தன. மூன்றாம் நாள் அவற்றிலிருந்து புளித்த மாவும் நனைந்த நாயும் சேர்ந்ததுபோல ஒரு மணம் வரத் தொடங்கியது. நான் யன்னல் கம்பியிலிருந்து எடுத்து வெளியே கொடியில் போட்டால், மழை வருகிறது என்று சித்தி உள்ளே கொண்டுவந்து போடுவாள்.

கால்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நல்லது. ஆனால் அவற்றைப் பார்க்காமல் ஒருநாளும் போகவில்லை. குதியில் கொப்புளம், உள்ளங்கால் ஓரத்தில் கொப்புளம், கயிறு அமுக்கியதால் கணைக்காலின் முன்பக்கம் சிவந்த கோடு. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்து, கொப்புளத்தை ஊசியால் குத்தி, பஞ்சால் ஒற்றுவான். “பாவம் பிள்ளை, எவ்வளவு கஷ்டப்படுது,” என்று அம்மா அவனுக்கு இன்னொரு கட்லெற் வைப்பாள். அந்தப் பஞ்சும் அந்தக் கட்லெற்றும் ஒரே மேசையில் இருக்கும். ஒருநாள் மா அரிக்கும் அரிதட்டைத் தூக்கினேன். அதன் கீழே, சதை பட்ட பக்கம் மேலே தெரிய, ஒரு பிளாஸ்ரர் துண்டு கிடந்தது. அதை ஈர்க்குக் குச்சியால் தூக்கி வெளியே எறிந்தேன். அரிதட்டைக் கொதிதண்ணீரில் போட்டேன்.

அந்தக் குசினியில் எனக்கென்று ஒரு பொருள் இருந்தது. அது ஓவன். சித்தி மூன்று வருடத்துக்கு முன் வந்தபோது வாங்கித் தந்தது. பத்தாம் வகுப்பில் வாசிக்கச் சொல்லி எழுப்பும்போதெல்லாம் என் குரல் வராமல் நின்றது. பிறகு நானும் போகாமல் நின்றேன். வீட்டில் சும்மா இருந்த அந்த மாதங்களில் கேக் செய்யப் பழகினேன். அம்மா தொலைபேசியில் கதைத்து ஓடர் எடுப்பாள். நான் செய்வேன். வாங்க வருகிறவர்களுக்குக் கதவுக்குப் பின்னால் நின்று பெட்டியை நீட்டுவேன். அப்பா சொல்லியிருந்தார்: கேக் போகும் மட்டும் வீட்டில் இரு, போகாவிட்டால் நிரஞ்சனிடம் சொல்லி சுப்பர் மார்க்கற்றில் பில் போடும் வேலைக்கு அனுப்புவேன். நிரஞ்சன் அப்பாவோடு காணிப் பதிவு அலுவலகத்தில் வேலை செய்கிறவர். அவருடைய மைத்துனர் அந்தக் கடையில் மனேஜர். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் நின்று என் முகத்தைப் பார்ப்பதை நினைத்தால், நான் இன்னும் ஒரு கேக் கூடச் செய்வேன்.

கேக் போனது ஹிதாயா ஆன்ரியால். கெலிஓயாவில் புடவைக்கடை வைத்திருப்பவர். முதல் தரம் வந்தபோது, வந்தவுடனே ஓவனைக் காட்டச் சொன்னார். கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தார்.

“இதுக்குள்ள என்னா எல்லாம் போகும்?”

“கேக் மட்டும்தான்,” என்றாள் அம்மா. “மச்சம்கூடப் போகாது.”

அது உண்மை. அந்தச் சட்டம் நான் போட்டது. மீன், இறைச்சி எதுவும் அதற்குள் வைக்க விடமாட்டேன். சைவக்காரர் விரத நாளுக்கு முட்டையில்லாத கேக் கேட்பார்கள். முஸ்லிம் ஆட்கள் பன்றிக் கொழுப்புக் கலந்த மாஜரீன், மதுவாடை உள்ள எசன்ஸ் எதுவும் இல்லை என்று உறுதி கேட்பார்கள். நான் பக்கற்றுகளைக் கொண்டுவந்து ஹிதாயா ஆன்ரியின் முன்னால் அடுக்கி வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். அதன் பிறகு கெலிஓயாவில் யாருக்குக் கேக் தேவைப்பட்டாலும் எங்கள் வீட்டுக்குத்தான் அனுப்புவார். வந்த ஓடரில் முக்கால்வாசி அவருடைய சொல்லால் வந்தது. சித்தி வந்த முதல் நாள், வாங்கி வந்த பொரித்த கோழியைச் சூடாக்க ஓவனைத் திறந்தாள். நான் ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கி, தாச்சியில் சூடாக்கிக் கொடுத்தேன். “பெரிய கோயில் இது,” என்று சித்தி சிரித்தாள்.

இப்போது ஹிதாயா ஆன்ரியின் மகள் ஷஹ்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கலியாணம். அதுவரை செய்ததிலேயே பெரிய ஓடர் அது.

அந்தக் கிழமை பிரணவனுக்குக் கணுக்கால் மொழிதான் பிரச்சினை. இரண்டு பக்கமும் எலும்பு சப்பாத்தில் இடித்துச் சிவந்திருந்தது. உள்ளே இருந்து அந்த இடத்தை வெளியே தள்ளிக் குழி எடுக்க வேண்டுமாம். தலைமயிர் காயவைக்கும் மெசினால் சூடாக்கி, என் ஐசிங் உருட்டும் கட்டையின் பிடியைச் சப்பாத்துக்குள் விட்டு, இரண்டு கையாலும் நெம்பிக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

“கழுவித் தாறன் அக்கா,” என்றான்.

அந்தக் கட்டையை அவனிடமே விட்டுவிட்டேன்.

குழி விழவில்லை. புதன்கிழமை சாப்பிடும்போது பிரணவன், “இதை ஓவனிலை வைக்கவேணும்,” என்றான். “கடையிலையும் ஓவன்தான். ஆறு ஏழு நிமிஷம். பிறகு காலிலை போட்டால் அப்பிடியே காலின்ரை ஷேப்புக்கு வந்திடும்.”

“வேண்டாம்,” என்றேன்.

மெல்லச் சொன்னேன். அதனால் அது யாருக்கும் கேட்காததாகிவிட்டது.

“பார்ப்பம் தம்பி,” என்றாள் அம்மா. “நான் வாங்கிக் குடுத்த ஓவன்தானே,” என்றாள் சித்தி சோற்றைக் குழைத்தபடி, யாரையும் பார்க்காமல்.

வியாழக்கிழமை காலை நான் அம்மாவோடு பட்டரும் முட்டையும் வாங்கப் போனேன். பெரஹர ஊர்வலக் காலம். ரவுணில் பாதி ரோட்டை மூடியிருந்தார்கள். நடந்து திரும்பி வர மத்தியானமாகிவிட்டது. கேற்றைத் திறக்கும்போதே மணம் வந்தது. ரயர் எரிக்கும் மணம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அதற்குள் இன்னொன்று இருந்தது. அந்தக் காலுறை. மூன்று கிழமை காயாத காலுறையின் மணம், சூடாகி, பெருகி, வீடு முழுக்க நின்றது.

முட்டைப் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினேன். ஓவனின் மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு சப்பாத்தும் என் கேக் வைக்கும் கம்பித் தட்டில் பக்கத்துப் பக்கமாக இருந்தன. நாக்குகள் வெளியே தொங்கின. அடியிலிருந்து தேன் நிறத்தில் ஏதோ கொதித்துக் கீழே சொட்டி, சொட்டிய இடத்தில் புகைந்தது. பிரணவன் ஹோலில் காதில் இயர்போனோடு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓவனின் முள் நூற்றெண்பதில் நின்றது.

நான் நிற்பாட்டிக் கதவைத் திறந்தேன். வந்த காற்றில் கண் எரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிக் கிணற்றடியில் வாந்தி எடுத்தேன்.

உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“வீடியோவிலை வன் எய்ற்ரி எண்டுதான் சொன்னவங்கள்!”

“அடேய், உங்கட நாட்டு அடுப்பிலை வேறை கணக்கெல்லோ! இஞ்சை நூற்றெண்பது எண்டால் கேக் வேகிற சூடு!” இது அப்பா. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். “அது பரனைற், இது செல்சியஸ். எண்பதிலை வைச்சிருக்க வேணும்.”

“சாமானிலை எழுதிக் கிடக்கோணும் அப்பிடியெண்டால்,” என்றாள் சித்தி. “ஐயோ, என்ன விலைச் சாமான்! போடு, போடு, ஆறமுன்னம் காலிலை போடு!”

நான் திரும்பி வந்தபோது அவனுடைய ஒரு காலை அம்மாவும் மற்றக் காலைச் சித்தியும் பிடித்துச் சப்பாத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சோடிக் காலுறையையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்தான். “சுடுது, சுடுது” என்று கத்தினான். “பொறுத்துக்கொள் ராசா,” என்று சித்தி கயிற்றை இழுத்தாள். வலது சப்பாத்து எப்படியோ காலைப் பிடித்தது. இடதின் விரல் பக்கம் அமுங்கிப்போய், வேகாமல் எடுத்த கேக்கின் நடுபோலக் குழிந்திருந்தது. அடித்தோல் வாய் பிளந்து நின்றது.

“லதுஷா, இந்தக் குதியை ஒருக்கா அமத்திப் பிடி.”

நான் பிடிக்கவில்லை. சித்தி சொன்னதை நான் செய்யாமல் நின்றது அதுதான் முதல் தரம். யாரும் கவனிக்கவில்லை.

பின்னேரம் முழுக்க ஓவனைக் கழுவினேன். தேசிக்காய், அப்பச்சோடா, கொதிதண்ணீர், கம்பித் தும்பு. காய்ந்த பசையைப் பழைய கத்தியால் சுரண்டி எடுத்தேன். சுரண்டச் சுரண்ட நகத்துக்குள் கறுப்பாகப் போனது. இரவுச் சாப்பாட்டை நான் கையால் சாப்பிடவில்லை. கரண்டியாலும் சாப்பிட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு சின்னக் கேக் வைத்துப் பார்த்தேன். பொன்னிறமாகப் பொங்கி வந்தது. வீடெல்லாம் பட்டரும் வனிலாவும் மணந்தது. அம்மா ஒரு துண்டை வெட்டி முகர்ந்து, தின்று, “ஒண்டுமில்லை, பார்! நல்ல வடிவா வந்திருக்கு,” என்றாள். எனக்கு அந்த நல்ல மணம்தான் நேற்றைய மணத்தைவிட அருவருப்பாக இருந்தது. நாறினால்கூடப் பரவாயில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

நான் பிரணவனிடம் போனேன். “இது என்ன தோல்?”

“என்னது?”

“சப்பாத்து. உள்ளுக்கு. என்ன தோல்?”

அவன் பெட்டியைப் பார்த்தான். தொலைபேசியில் தேடினான். “எழுதேல்லை. சிலது சிந்தெற்றிக்காம். சில சப்பாத்திலை உள் பக்கம் பிக் ஸ்கின் போடுவினமாம். எனக்கு என்ன தெரியும்?”

“என்ன ஸ்கின்?” என்று அம்மா குசினியிலிருந்து கேட்டாள்.

“பண்டித் தோல்,” என்றேன்.

அம்மா கத்தியை வைத்துவிட்டு வந்தாள். “வாயை மூடு. அப்பிடி ஆரும் சொன்னவையோ? இருக்கலாம் எண்டுதானே சொல்லுறான்.”

“எழுத்திலை இல்லாததைப் பற்றி நாங்கள் ஏன் கதைப்பான்?” என்றார் அப்பா. அன்று அவர் லீவு போட்டிருந்தார். “பெட்டியிலை ‘பண்டி’ எண்டு எழுதியிருந்தால் அது வேறை. எழுதேல்லை. விசயம் முடிஞ்சுது.”

“ஹிதாயா ஆன்ரிக்குச் சொல்லவேணும்.”

“சொன்னால் உன்ரை கேக் முடிஞ்சுது,” என்றாள் அம்மா. “இந்த ஓடர் மட்டுமில்லை. கெலிஓயா முழுக்க. பிறகு நிரஞ்சன் அண்ணையின்ரை கடையிலை போய் இரு. உனக்கு அதுதானே வேணும்?”

எனக்கு வேண்டாம். அதை நினைத்தபடிதான் பட்டரை எடுத்து வெளியே வைத்தேன். முட்டையை உடைத்தேன். பன்னிரண்டு முட்டை உடைத்தபின் ஓவனின் முள்ளைத் திருப்ப வேண்டியிருந்தது. கை போகவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கம்பித் தட்டில், நாக்கைத் தொங்கப்போட்டபடி அவை இரண்டும் இன்னமும் இருப்பது போலவே இருந்தது. அந்த மகள் மணப்பெண்ணாக இருந்து இதில் ஒரு துண்டை வாயில் வைப்பாள்.

அம்மா குளிக்கப் போனபோது, ஹிதாயா ஆன்ரியின் இலக்கம் இருந்த அவளுடைய தொலைபேசியை எடுத்தேன்.

“ஹலோ, இரஞ்சிதம் அக்காவா?” அம்மா என்று நினைத்துக் கேட்டார் ஹிதாயா ஆன்ரி.

“நான்... லதுஷா.”

“யாரு?”

“கேக் செய்யிற...”

“ஆ, மகளா! ஒங்கட கொரல இண்டக்கித்தான் கேக்குறன். செல்லுங்க.”

“எங்கட ஓவனுக்குள்ள ஒரு சப்பாத்து வைச்சவை, ஆன்ரி.”

“என்னா வெச்ச?”

“சப்பாத்து. ஹொக்கி விளையாடுற தோல் சப்பாத்து. என்ரை தம்பி, காலுக்குச் சரிவர வேணும் எண்டு சூடாக்கினவன். உருகிப்போச்சு.”

“புதுசா? போட்டதா?”

“போட்டது. மூண்டு கிழமையா. ஈரச் சொக்ஸோட.”

“அஸ்தஃபிருல்லாஹ்!”

“என்ன தோல் எண்டு தெரியாது. பண்டித் தோலாயும் இருக்கலாமாம். கழுவிட்டன். இப்ப மணமில்லை. சொல்லாட்டி உங்களுக்குத் தெரியாது. ஆனா...”

“ஆனா?”

“எனக்கு அருவருப்பா இருக்கு.”

மறுபக்கம் நிறையச் சத்தம் கேட்டது. பாத்திரங்கள், பெண்கள், யாரோ பிள்ளையை அதட்டுவது.

“ஊரெல்லாம் ஒங்கட கேக்குத்தான் சுத்தம் எண்டு செல்லி வெச்சீக்கிறன் மகள்,” என்றார் ஹிதாயா ஆன்ரி. “நாளண்டைக்கிக் கலியாணம். இப்பவா இதச் செல்ற?” தொலைபேசியை வைத்துவிட்டார்.

குளித்துவிட்டு வந்த அம்மாவிடம் நானே சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. ஈரத் தலையோடு கதிரையில் இருந்து, “மூண்டு வருசம்,” என்றாள். “வாயே திறக்காத பிள்ளை. திறந்தது இதுக்கோ?” சித்தி அறைக்குள்ளிருந்து, “அவை போட்டாத் தோல், நாங்கள் போட்டாத் தீட்டோ?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி யாருக்கும் விளங்கவில்லை. அப்பா நிரஞ்சனின் இலக்கத்தைத் தேடத் தொடங்கினார். நான் கோப்பையில் கிடந்த பன்னிரண்டு முட்டையையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரை மணித்தியாலம் கழித்துத் தொலைபேசி அடித்தது. “மகளிட்டக் குடுங்க,” என்று ஹிதாயா ஆன்ரி அம்மாவிடம் சொன்னது எனக்கே கேட்டது.

“நாளைக்கிக் காலத்தால இங்க வாங்க. எங்கட ஓவன்ல சுடுங்க. தட்டு, கரண்டி, மெசின், மா, ஒண்டும் கொண்டு வராதீங்க. வெறும் கையோட வாங்க. வெளங்கிச்சா?”

“ஓம்.”

“கையையும் நல்லாக் கழுவிட்டு வாங்க.”

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கம்பளை ரோட்டால் போய்க் கெலிஓயாவில் இறங்கினேன். அந்த வீட்டில் நான் பயந்ததைவிட இரண்டு மடங்கு ஆட்கள் இருந்தார்கள். குசினி வாசலில், முற்றத்தில், மாடிப்படியில் எல்லாம் பெண்கள். ஹிதாயா ஆன்ரி என் தோளில் கையை வைத்து, ஒளிக்காமல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

“இவதான் அந்த மகள். சப்பாத்துச் சுட்ட வீடு.”

அத்தனை பேரும் சிரித்தார்கள். என் காது கொதித்தது. நான் மாவை அளக்கத் தொடங்கினேன். அளவு எனக்குக் குனிந்தபடியே தெரியும்.

“பண்டிண்டா ஏழு தரம் கழுவணும். ஒருக்கா மண்ணுப் போட்டுக் கழுவணும். கழுவினாச் சுத்தம்தானே ஹிதாயா,” என்றார் இஞ்சி உரித்துக்கொண்டிருந்த ஒருவர். “பாவம், புள்ளட ஓவன்.”

“பண்டிக்கு மண்ணுப் போட்டுக் கழுவலாம். அந்த சொக்ஸுக்கு என்னத்தப் போட்டுக் கழுவுற?” என்றார் ஹிதாயா ஆன்ரி.

இந்தத் தரம் நானும் சிரித்துவிட்டேன். அவர் சொன்னதுதான் சரி. தோலைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரியாது. காலுறையைப் பற்றித் தெரியும்.

மணப்பெண் ஷஹ்மா இரண்டு கையிலும் மருதாணி காயாமல், கையை முன்னால் நீட்டியபடி வந்து என் பக்கத்தில் நின்றாள். என் வயதுதான் இருக்கும்.

“போட்டோ ஈக்கா?”

“எதின்ரை?”

“சப்பாத்துட.”

பிரணவன் குடும்பக் குழுவுக்கு அனுப்பிய படம் என் தொலைபேசியில் இருந்தது. காட்டினேன். இடது சப்பாத்து, குழிந்த விரல் பக்கம், வாய் பிளந்த அடி. அவள் முகத்தைச் சுளித்து, “சீ!” என்றாள். “கிட்டக் கொண்டு வாங்க, இன்னொருக்காப் பாக்க.” பார்த்துவிட்டு மறுபடி “சீ!” என்றாள். மூன்று கிழமையில் என்னைப்போல அதை அருவருத்த முதல் ஆள் அவள்தான். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவர்களுடைய ஓவன் பெரியது. இடப்பக்கம் கூடச் சுட்டது. தட்டுகளைப் பாதியில் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. திருப்பும் ஒவ்வொரு தரமும் வழியில் நிற்கிறவர்களை விலகச் சொல்ல வேண்டும். முதல் தரம் சொன்னது கேட்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்கவில்லை. மூன்றாம் தரம், “தள்ளுங்கோ, சுடுது!” என்று கத்தினேன். தள்ளினார்கள்.

பின்னேரம் எல்லாவற்றையும் வெட்டிப் பெட்டியில் அடுக்கி முடித்தபின் ஹிதாயா ஆன்ரி தண்ணீர் கொண்டுவந்து தந்தார். “ஒங்கட ஓவன்ல சுட்டது இனி எங்களுக்கு வேணாம் மகள். அது முடிஞ்சி. செவ்வாக்கெழம ஒரு பேத்டே கேக் ஈக்குது. இங்க வந்து சுட ஏலுமா?”

இந்தக் குசினி, இந்தப் பஸ், இந்தக் கூட்டம், கிழமைக்கு இரண்டு மூன்று தரம். தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

“ஏலும்,” என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் ஹோலில் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அம்மா எழும்பித் தேத்தண்ணி வைத்தாள். அப்பா தொலைபேசியைக் கையில் வைத்தபடி, “அப்ப நிரஞ்சனுக்கு வேண்டாம் எண்டு சொல்லட்டோ?” என்றார்.

“சொல்லுங்கோ.”

பிரணவன் இடது சப்பாத்தை மடியில் வைத்து, உருட்டுக்கட்டையின் பிடியால் விரல் பக்கத்தை உள்ளே இருந்து தள்ளிக்கொண்டிருந்தான். காலில் அதே காலுறை.

“அக்கா, அப்ப ஓவன் இனிச் சும்மாதானே இருக்கும்?” என்றான். “ஒருக்காச் சூடாக்கினால் இந்தப் பள்ளத்தை நிமித்தலாம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். சித்தி பார்க்காததுபோல இருந்தாள்.

“எண்பதிலை வை,” என்றேன்.

அவன் சந்தோசமாக எழும்பிக் குசினிக்குப் போனான். நான் பின்னால் போய் வாசலில் நின்றேன். சப்பாத்தைக் கம்பித் தட்டில் வைத்தான். முள்ளை எண்பதுக்குத் திருப்பினான். காத்திருக்கும் நேரத்தில் காலுறைகளைக் கழற்றி, கை எட்டின இடத்தில், மா வாளியின் மூடிமேல் விரித்துப் போட்டான். பாதி வாளிக்கு மேல் மா இருந்தது. எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை நான் வெறும் கையோடு போகிறவள். அந்த ஓவனைப்போல அந்த மாவும் இனி இந்த வீட்டாருடையதுதான்.

கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினேன்.